ஆபீஸில் உங்கள் பேச்சு எடுபட: யோசிப்பதில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

"நைட் ஷிப்ட் பயலுக ஒழுங்கா வேலை பாக்குறதில்ல." மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு பட்டறையின் காலை மீட்டிங்கில் இன்றைக்கும் இந்த வாக்கியம் வந்து விழுந்திருக்கும். இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் அதுவே "டெஸ்டிங் டீம் சரியில்ல" என்று வரும். மாசி வீதி ஜவுளிக்கடையில் "விளம்பரம் போட்டோம்ல, அதான் சேல்ஸ் ஏறுச்சு" என்று வரும். சொல்கிறவர் பெரியவர், எல்லோரும் தலையாட்டுவார்கள், யாருக்கோ சம்பளத்தில் கை வைப்பார்கள், எங்கேயோ பணம் வீணாகும், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பிரச்சினை மட்டும் அதே இடத்தில் நிற்கும்.

அந்த நேரத்தில் "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்ல வேண்டிய ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சூப்பர்வைசர், குவாலிட்டி பார்ப்பவர், டீம் லீடர், கணக்குப் பிரிவில் இருப்பவர், யாராக இருந்தாலும் சரி. நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. பேசுவதற்கு முன்னால் தன் கருத்தைத் தானே தட்டிப் பார்க்கிறவர்கள்தான் குறைவு. அதனால் உங்கள் உழைப்பில் முக்கால் பங்கு யோசிக்கிற பகுதிக்குப் போக வேண்டும், பேச்சுக்கு மீதி போதும்.

ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷும் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீலும் செய்கிற ஒரு சின்ன மோல்டிங் யூனிட், அதாவது ரப்பரை அச்சில் வைத்து, பிரஸ் என்ற இயந்திரத்தில் சூடாக்கி அழுத்திப் பாகம் செய்யும் இடம். தேறாமல் கழிக்கும் துண்டுகளை அங்கே ரிஜெக்‌ஷன் என்பார்கள். டயர், பெல்ட், ரப்பர் பாகங்கள் என்று மதுரையைச் சுற்றி இந்தத் தொழில் நெடுங்காலமாக இருப்பதால் பலருக்குப் பழகிய இடம்தான். கீழே வரும் பட்டறைக் கணக்குகள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை.

படி 1: குறையைச் சோதிக்கக்கூடிய வாக்கியமாக்குங்கள்

"நைட் ஷிப்ட் சரியில்லை" என்பதைப் பொய் என்று யாராலும் காட்ட முடியாது, அதுதான் அதில் உள்ள கோளாறு. எதில் சரியில்லை, எதைவிடச் சரியில்லை, எத்தனை நாளாக? இப்படி மாற்றுங்கள்: "ஒரே பாகத்தை, ஒரே பிரஸ்ஸில் ஓட்டினாலும் பகலைவிட இரவில் ரிஜெக்‌ஷன் அதிகம்." இப்போது இது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம், போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்த மீட்டிங்கிலும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். பல சண்டைகள் இந்த இடத்திலேயே கரைந்துவிடும், ஏனென்றால் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிய வரும்.

படி 2: பார்த்ததா, ஊகித்ததா, கேட்டதா

அறிவு எந்த வழியில் வந்தது என்பதை நம் பழைய தருக்க நூல்கள் காண்டல், கருதல், உரை என்று பிரித்தன. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, கையில் இருக்கும் தகவல் ஒவ்வொன்றையும் அதனதன் கட்டத்தில் எழுதுங்கள். ரிஜெக்‌ஷன் தொட்டியை நேரில் எண்ணினீர்களா, அது காண்டல். எண்ணிக்கை கூடியதால் ஆட்கள் தூங்குகிறார்கள் என்று நினைத்தீர்களா, அது கருதல். "வாட்ச்மேன் சொன்னார்" என்றால் உரை. மூன்றும் வேண்டியவைதான், ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொள்வதில்தான் வினை. பெரும்பாலான ஆபீஸ் தகராறுகளில் முதல் கட்டம் கிட்டத்தட்டக் காலியாக இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

இதில் அனுபவசாலிகளின் சொல்லை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். இருபது வருடம் பிரஸ் ஓட்டிய ஃபோர்மேன் சீலைத் தொட்டுப் பார்த்து "கியூரிங் பத்தல", அதாவது ரப்பர் சூட்டில் இறுகியது போதவில்லை, என்றால் நம்புங்கள். அவர் தினமும் தொடுகிறார், சரியா தவறா என்று அன்றைக்கே தெரிந்துவிடுகிறது, கை அப்படித்தான் பழகியது. அதே ஃபோர்மேன் "புதுசா வந்த பசங்களுக்கு அக்கறையே இல்ல" என்றால் அதற்கு அதே எடை கொடுக்காதீர்கள், அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரியா என்று யாரும் எப்போதும் சரிபார்த்ததில்லை. உடனுக்குடன் விடை கிடைக்கும் வேலையில் அனுபவம் பேசட்டும், விடையே வராத விஷயத்தில் பெரியவர் சொல்வதும் ஊகம்தான்.

படி 3: எதற்கு எதை ஒப்பிடுகிறீர்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். பகலில் 1000 துண்டு ஓடி 28 ரிஜெக்ட். இரவில் 1000 ஓடி 59 ரிஜெக்ட். 2.8 சதவீதம் எதிரே 5.9 சதவீதம், இரண்டு மடங்குக்கு மேல். முதலாளி சொன்னது நிரூபணமாகிவிட்டது போலத்தான் தெரிகிறது.

இப்போது பாகம் வாரியாகப் பிரியுங்கள். பகலில் ஓடியது 900 புஷ், 100 சீல். புஷ்ஷில் 18 போயிற்று, அதாவது 2 சதவீதம். சீலில் 10 போயிற்று, 10 சதவீதம். இரவில் ஓடியது 300 புஷ், 700 சீல். புஷ்ஷில் 3 போயிற்று, 1 சதவீதம். சீலில் 56 போயிற்று, 8 சதவீதம். கூட்டிப் பாருங்கள், அதே 28, அதே 59. ஆனால் புஷ்ஷிலும் இரவில்தான் கழிவு குறைவு, சீலிலும் இரவில்தான் குறைவு. மொத்தத்தில் மோசமாகத் தெரிந்ததற்குக் காரணம், செய்யக் கடினமான சீலை இரவுக்குத் தள்ளிவிட்டதுதான். புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். மருத்துவமனையில் கஷ்டமான கேஸ் எல்லாம் போகிற டாக்டருக்கும், கோபக்கார கிளையன்ட்டுகள் எல்லோரையும் தலையில் கட்டிக்கொள்கிற சப்போர்ட் ஆளுக்கும் மொத்தக் கணக்கு இதே அநியாயத்தைச் செய்யும். இந்தக் கணக்கு தெரியாததால் சம்பள உயர்வை இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உடனே "இரவு ஷிப்ட்தான் சிறந்தது" என்று கொடி பிடிக்காதீர்கள். பகலில் ஓடிய சீல் 100 மட்டுமே. அதில் நாலு துண்டு இப்படி அப்படிப் போயிருந்தால் 6 சதவீதமும் ஆகியிருக்கும், 14 சதவீதமும் ஆகியிருக்கும். அதனால் நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இரவு ஷிப்ட் மோசம் என்று சொல்ல இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. ஆதாரம் தாங்குகிற அளவுக்கு மட்டும் பேசுகிறவரின் சொல்லைக் கொஞ்ச நாளில் எல்லோரும் நம்ப ஆரம்பிப்பார்கள்.

படி 4: தாளில் இல்லாதது எது

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 வினாடியில் சிதறி, அதில் இருந்த 7 பேரும் இறந்தார்கள். கலத்தை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய் இடைவெளியை அடைக்கத் தவறியது. ரப்பர் வேலை தெரிந்த யாருக்கும் இது புரியும். கொடுமை என்னவென்றால், முந்தின நாள் இரவே பூஸ்டரைச் செய்த நிறுவனத்தின் இன்ஜினியர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் "இந்தக் குளிரில் ஏவ வேண்டாம்" என்று சொன்னார்கள். சொன்னது சரி. இருந்தும் எடுபடவில்லை.

ஏன்? அவர்கள் காட்டிய விவரங்களில், வளையத்தில் பாதிப்பு வந்த பயணங்களைப் பற்றித்தான் பேச்சு போனது. அதில் மிகக் குளிரான நாளில் நடந்த ஒன்றும் இருந்தது, வெதுவெதுப்பான நாளில் நடந்த ஒன்றும் இருந்தது. எதிரில் இருந்தவர்கள் "குளிருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரித் தெரியலையே" என்று கேட்க வழி கிடைத்துவிட்டது. பாதிப்பே வராத பயணங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்திருந்தால் படமே வேறு. பின்னால் விசாரித்த ரோஜர்ஸ் கமிஷன் அந்தக் கணக்கைப் போட்டது: வளையத்தின் வெப்பநிலை 66 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்த 20 பயணங்களில் 3ல் மட்டும் பாதிப்பு. 63 அல்லது அதற்குக் கீழே இருந்த 4 பயணங்களில் நான்கிலுமே பாதிப்பு. ஏவ இருந்த காலையோ உறைநிலையை ஒட்டிய குளிர்.

அதனால் எந்த ரிப்போர்ட் கைக்கு வந்தாலும் கேளுங்கள்: பிரச்சினை வராத நாட்கள் எங்கே? புகார் சொன்ன வாடிக்கையாளர் பட்டியல் இருக்கிறது, புகார் சொல்லாதவர்கள் எத்தனை பேர்? வேலையை விட்டுப் போனவர்களின் காரணம் இருக்கிறது, இருக்கிறவர்களுக்கும் அதே காரணம் இல்லையா?

அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் பொறுப்பு ஏவ நினைத்தவர்களிடம் இருந்திருக்க வேண்டும். அது தலைகீழாகி, ஆபத்து என்று நிரூபிக்கும் பொறுப்பு இன்ஜினியர்கள் தலையில் விழுந்தது. பழி முடிவெடுத்தவர்களுடையதுதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பாய்லர், மின்சாரம், மருந்து, உயிர் சம்பந்தப்பட்ட எந்த வேலையிலும் இதை வாய்விட்டே கேளுங்கள்: "சார், இது ஆபத்துன்னு நான் நிரூபிக்கணுமா, பத்திரம்னு அவங்க நிரூபிக்கணுமா?" கூட்டத்தின் போக்கை மாற்றக்கூடிய கேள்வி இது.

படி 5: காக்கை உட்காரப் பனம்பழம்

விளம்பரம் போட்டார்கள், விற்பனை ஏறியது. சரி, எந்த வாரத்தில் போட்டார்கள்? அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் என்றால் ஊரே நிறைந்திருக்கும், விளம்பரமே போடாத கடையிலும் ஆள் நிற்கும். அதைத் தெரிந்துகொள்ள "போன வருஷம் ஏப்ரல், இந்த வருஷம் ஏப்ரல்" என்று ஒப்பிட்டாலும் தப்பாகப் போகலாம், சித்திரைத் திருவிழா பௌர்ணமியை ஒட்டி வருவதால் தேதி வருடா வருடம் நகரும். திருவிழா வாரத்தைத் திருவிழா வாரத்தோடு ஒப்பிடுங்கள், விளம்பரத்தில் வந்த சரக்கை வராத சரக்கோடு ஒப்பிடுங்கள்.

எந்த விளைவுக்கும் குறைந்தது மூன்று காரணம் எழுதாமல் எழுந்திருக்காதீர்கள். சீல் ரிஜெக்‌ஷனுக்கு: காம்பவுண்ட் (ரப்பர் கலவை) பேட்ச் மாறியிருக்கலாம், ஒரு பிரஸ்ஸின் பிளேட் சூடு ஒரு பக்கம் குறைந்திருக்கலாம், மோல்டு (அச்சு) தேய்ந்திருக்கலாம், இரவில் செய்ததைக் காலையில் வரும் கறாரான இன்ஸ்பெக்டர் பார்த்துக் கழித்திருக்கலாம். கடைசியில் சொன்னது யாருக்கும் சட்டென்று தோன்றாது. அளக்கிற கையே மாறியிருந்தால் அளவும் மாறும்.

மனசு தனக்குப் பிடித்த காரணத்தையே சுற்றி வரும் என்பதை 1960ல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் எளிமையாகக் காட்டினார். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிப்படி அமைந்தவை, நீங்கள் வேறு மூன்று எண்கள் சொன்னால் அவை விதிக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் சொல்வேன், விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலரும் 8, 10, 12 போலத் தாங்கள் நினைத்த விதிக்குப் பொருந்துவதையே சொல்லிப் பார்த்துவிட்டு "இரண்டு இரண்டாக ஏறுவது" என்று அறிவித்தார்கள். விதி அதைவிட எளிது, ஏறு வரிசையில் எந்த மூன்று எண்ணும் சரி. 1, 2, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். நாளைக்கு டீ நேரத்தில் உங்கள் டீமிடம் இதை விளையாடிப் பாருங்கள், ஒரு மணி நேர வகுப்பைவிட நன்றாக உறைக்கும். பட்டறையில் இதன் பொருள்: இரவு ஷிப்ட் மோசம் என்று நினைக்கிறவர் பகலில் நடந்த ரிஜெக்‌ஷனைத் தேடிப் போக வேண்டும்.

படி 6: சோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்

முடிவு வந்த பிறகு "நான் அப்பவே நினைச்சேன்" என்பதற்கு மதிப்பில்லை. இந்த ஊரில் நடந்ததாகச் சொல்லப்படும் மிகப் பெரிய வழக்கை நினைத்துப் பாருங்கள். கண்ணகி பாண்டியன் அவையில் வெறுமனே அழுது முறையிடவில்லை. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்று உடைப்பதற்கு முன்பே சொன்னாள். எங்களுடையதில் முத்து என்று அரசனும் முன்பே சொன்னான். இரண்டு பேரும் வாயால் சொல்லி முடித்த பிறகு சிலம்பு உடைந்ததால் அதற்கு மேல் வாதமே தேவைப்படவில்லை. பொற்கொல்லன் சொன்னபோது அதே கேள்வியை அரசன் கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்.

உங்கள் அலுவலகத்திலும் அதே முறைதான். "ஒரு வாரம் சீலைப் பகலுக்கும் இரவுக்கும் சரிபாதியாகப் பிரிப்போம். பகலிலும் இதே அளவு போனால் கோளாறு மோல்டிலோ காம்பவுண்டிலோ இருக்கிறது. பகலில் நன்றாகக் குறைந்தால் நான் சொன்னது தப்பு, ஷிப்டைத்தான் பார்க்க வேண்டும்." எதைக் கண்டால் உங்கள் கருத்தை விடுவீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவரும் தன்னுடையதைச் சொல்லியாக வேண்டிய நிலைக்கு வருவார்.

படி 7: வாதத்தைக் கட்டுவது

1958ல் ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி, அன்றாட வாதங்களின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். வேலை இடத்துக்கு அதில் நான்கு போதும்: முடிவு, ஆதாரம், இரண்டையும் இணைக்கும் காரணம், எப்போது இது பொருந்தாது என்ற விலக்கு. நாம் பெரும்பாலும் விட்டுவிடுவது மூன்றாவதை. "ரிஜெக்‌ஷன் கூடியிருக்கு, அதனால ஆளை மாத்தணும்" என்பதில் நடுவே "ரிஜெக்‌ஷன் ஆளால்தான் வருகிறது" என்ற பலகை சொல்லாமலே கிடக்கிறது. அடுத்தவர் வாதத்தில் அதைத் தேடிப் பிடியுங்கள், உங்கள் வாதத்தில் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வரிசையும் முக்கியம். முடிவெடுப்பவருக்கு நேரம் இல்லை, கதையை ஆதியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்பது முதல் வரியில். பேசினால் இப்படி இருக்கும்:

"சார், நைட் ஆளுங்களை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வாரம் டைம் குடுங்க. மொத்தமா பாத்தா நைட்ல ரிஜெக்‌ஷன் டபுள்ங்கிறது கரெக்ட்தான் சார். ஆனா நைட்ல ஓடுறது முக்காவாசி சீலு, பகல்ல ஓடுறது புஷ்ஷு. தனித்தனியா பிரிச்சா நைட் மோசம்னு சொல்ல முடியல. இந்த வாரம் சீலைப் பாதிப் பாதியா ஓட்டிப் பாப்போம். செலவு ஒண்ணும் இல்ல, ரெண்டு தடவை கூடுதலா மோல்டு மாத்தணும், அவ்வளவுதான்."

முதலாளி சொன்னதில் சரியான பகுதியை முதலிலேயே ஒப்புக்கொண்டதைக் கவனியுங்கள். கேட்டது சின்னது, திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியது. "ஷெட்யூலையே மாத்துங்க" என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே முடியாது என்று வந்திருக்கும்.

படி 8: கேட்பவர் யார்

சின்ன நிறுவனங்களில் காம்பவுண்ட் சப்ளை செய்வது முதலாளியின் மச்சானாக இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் மீட்டிங்கில் "காம்பவுண்ட் சரியில்ல" என்று ஆரம்பித்தால், நீங்கள் ரப்பரைப் பற்றிப் பேசுவீர்கள், அவர் காதில் குடும்பம் விழும். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை, தனியாகப் போய், ரிப்போர்ட்டோடு, "ரெண்டு பேட்சை மட்டும் டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோமா சார்" என்று கேட்கச் சொல்கிறேன். பெரியவர்களைச் சபையில் வைத்துத் திருத்தாதீர்கள். முதல் நாளே ஃபோர்மேனிடம் போய் "அண்ணே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க, எங்க தப்பு இருக்குன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் லாபம், கண்டுபிடிக்காவிட்டால் நாளைக்கு அவர் எதிரே நிற்க மாட்டார். இதை வெறும் தந்திரமாகச் செய்தால் பிடிபடுவீர்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்க வேண்டும்.

வாதம் என்றதும் மதுரைக்காரர்களுக்குப் பட்டிமன்றம் நினைவுக்கு வரும். அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த சாலமன் பாப்பையாவைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆனால் பட்டிமன்றப் பேச்சாளருக்கு அணி முன்பே முடிவாகிவிடும், நடுவில் "எதிரணி சொல்வது சரி" என்று அவரால் சொல்ல முடியாது. அலுவலகத்தில் உங்களால் முடியும். அதனால் பேச்சாளரை விட்டுவிட்டு நடுவரைப் பின்பற்றுங்கள். இரண்டு பக்கத்தின் பலமான பாயிண்டையும் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அவர் தீர்ப்புக்கு வருகிறார். எதிர்க்கருத்துக்காரர் "ஆமா, நான் சொல்ல வந்தது அதேதான்" என்று சொல்லும் அளவுக்கு அவர் வாதத்தை நீங்கள் திருப்பிச் சொல்லிவிட்டால், அதன் பிறகு நீங்கள் பேசுவதற்கு அவர் காது கொடுப்பார்.

படி 9: எதிர்த்துப் பேச முடியாத இடத்தில்

முதலாளி ஒரு புது மெஷின் வாங்க ஆசைப்பட்டுவிட்டார், யாராலும் வாய் திறக்க முடியவில்லை. கேரி கிளைன் என்ற உளவியலாளர் சொல்லிப் பரவிய ஒரு முறை இங்கே கைகொடுக்கும். "சார், ஒரு வருஷம் கழிச்சு இந்த மெஷின் ஃபெயில் ஆகிருச்சுன்னு வச்சுக்குவோம். என்ன காரணமா இருக்கும்னு ஆளுக்கு ரெண்டு எழுதுவோமா?" தோற்றுப்போகுமா என்று கேட்டால் எல்லோரும் "இல்ல சார்" என்பார்கள். தோற்றுவிட்டது, ஏன் என்று கேட்டால் ஹெல்ப்பர் கூட "ஸ்பேர் பார்ட்ஸ் கோயம்புத்தூர்ல இருந்து வரணும்ல" என்று எழுதுவார். யாரும் யாரையும் எதிர்க்கவில்லை, ஆனால் விஷயம் மேசைக்கு வந்துவிட்டது.

எல்லாம் செய்தும் "வேண்டாம், நான் சொன்னபடி செய்" என்று வந்தால்? உயிருக்கோ சட்டத்துக்கோ பங்கம் இல்லாதவரை செய்யுங்கள், அரைமனதாகச் செய்து அதைத் தோற்கடிக்காதீர்கள். அன்றைக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள்: பேசியது இது, முடிவானது இது, இந்த எண்ணை இந்தத் தேதியில் பார்ப்போம். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் மட்டும் அதோடு விட்டுவிடாதீர்கள், அடுத்த மேலதிகாரி வரை எழுத்தில் போங்கள்.

பழகுவது எப்படி

ஒரு நோட்டு வாங்குங்கள். வேலையில் ஏதாவது நடக்கும் என்று உறுதியாகத் தோன்றும்போதெல்லாம் தேதி போட்டு ஒரு வரி எழுதி, பக்கத்தில் நூற்றுக்கு எத்தனை நிச்சயம் என்று ஒரு எண் போடுங்கள். "இந்த ஆர்டர் வெள்ளிக்கிழமைக்குள் போய்விடும், 80." பலித்ததா இல்லையா என்று பின்னால் குறியுங்கள். வாரத்தில் ஒரு நாள் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து, நீங்கள் நம்பாத பக்கத்தை எடுத்துப் பத்து நிமிடம் பேசுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து நோட்டைத் திறந்து 80 என்று போட்டவற்றை மட்டும் எண்ணுங்கள். பத்தில் எட்டு பலித்திருந்தால் உங்கள் நிச்சயத்தை நம்பலாம். ஐந்துதான் பலித்திருக்கிறது என்றால், அடுத்த மீட்டிங்கிலிருந்து "நிச்சயமா" என்று வாயில் வரும் இடத்தில் "அநேகமா" என்று சொல்லுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.